தாடைக்கு எலும்பு தரும் கால், இடுப்பு, தோள்!

முருங்கைக்காயைக் கடித்துச் சுவைக்க எது வேண்டும்? "பல்லுதான்!" என்பீர்கள். அந்தப் பல்லைத் தாங்கும் தாடை எலும்பை யார் நினைக்கிறோம்? புற்றுநோய், கட்டி, விபத்து என்று ஏதோ ஒன்றால் அதில் ஒரு பகுதியை எடுக்க நேர்ந்தால்தான் அருமை தெரியும். முகவாய் உள்வாங்கிவிடும், எச்சில் வழியும், மெல்லவும் பேசவும் சிரமம்.

அந்த இடைவெளியை நிரப்ப நோயாளியின் சொந்த எலும்பையே, அதன் ரத்தக்குழாயோடு சேர்த்து எடுக்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் கழுத்து ரத்தக்குழாயோடு இணைத்துத் தைக்கிறார்கள். நாற்றை வேரோடு பிடுங்கி நடுவது போலத்தான்! எலும்பை எங்கிருந்து எடுப்பது?

கால்

முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. "கால் எலும்பை எடுத்துட்டா எப்படி நடக்கிறது?" என்று பயம் வேண்டாம். உடல் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது பக்கத்திலுள்ள தடித்த எலும்புதான். கணுக்கால் ஆடாமலிருக்க இரு முனைகளிலும் சிறிது விட்டுவிட்டு, சுமார் 25 செ.மீ. வரை எடுக்கலாம். 1989-இல் ஹிடால்கோ என்ற அமெரிக்க டாக்டர் கீழ்த்தாடைக்கு இதைப் பயன்படுத்திக் காட்டினார். இன்று பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். கால் ரத்தக்குழாய்களில் அடைப்பு இருந்தால் மட்டும் ஆகாது. முன்கூட்டியே பரிசோதிப்பார்கள்.

இடுப்பு

நாம் குடத்தை இடுக்கிக்கொள்ளும் இடம். எலும்பு நல்ல கனம். இயல்பாகவே வளைவு உண்டு. செயற்கைப் பல் பதிக்கத் தோதானது. ஆனால் சில காலம் நடக்கும்போது வலிக்கலாம். அங்கே குடலிறக்கம் வரவும் வாய்ப்புண்டு.

தோள்பட்டை

கிடைக்கும் எலும்பு குறைவு. தசையும் தோலும் தாராளம். மேல்வாய் அண்ணத்துக்கும் பொருந்தும். கால் ரத்தக்குழாய் கெட்டுப்போன வயதானவர்களுக்குக் கைகொடுக்கும். சீக்கிரம் எழுந்து நடக்கலாம். கையை உயர்த்தத்தான் பயிற்சி வேண்டும்.

ஆக, "எது ஒசத்தி?" என்ற கேள்வியே சரியில்லை. எவ்வளவு எலும்பு போயிற்று, கால் ரத்தக்குழாய் எப்படி, அவர் செய்யும் வேலை என்ன என்பதைப் பொறுத்தது. மாடிப்படி ஏறுபவரா, தலைச்சுமை தூக்குபவரா என்று டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். பல் கட்ட முடியுமா, எத்தனை நாள் குழாய் வழியே கஞ்சி என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். பீடி, சிகரெட், புகையிலையை அடியோடு நிறுத்தச் செய்யுங்கள். தைத்த ரத்தக்குழாய்க்கும் ஆறவேண்டிய புண்ணுக்கும் அவை எதிரி.

இன்னொன்று. வீட்டில் யாருக்காவது வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறவில்லையா? "சூட்டுப் புண்ணுதானே" என்று மணத்தக்காளிக் கீரையோடு நிறுத்திவிடாமல், டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால், தாடையில் கைவைக்காமலே குணமாக்க வழியிருக்கிறது.