ஜன்னலோரத் தாளம்

பட்டாபிராமில் சென்ட்ரல் வண்டி ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, காதில் பாட்டைப் போட்டுக்கொள்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆவடி தாண்டுவதற்குள், வெளியே ஓடும் மின்கம்பங்கள் பாட்டின் தாளத்துக்கே வந்து விழுவதுபோல் இருக்கும். வண்டி மணிக்கு 54 கி.மீ., அதாவது நொடிக்கு 15 மீட்டர் போகிறது, கம்பங்கள் 60 மீட்டருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 4 நொடிக்கு ஒரு கம்பம். நிமிடத்துக்கு 120 தட்டு விழும் குத்துப்பாட்டில் அது சரியாக 8 தட்டு. வேகம் மாறினால் கணக்கு தப்பும். ஆனால் மனசு தப்பியதை எண்ணுவதில்லை, பொருந்தியதை மட்டுமே எண்ணுகிறது.

மூளையும் இதில் தாராளம்தான். கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும் நொடியில் பத்தில் ஒரு பங்கு விலகியிருந்தாலும், பெரும்பாலும் ஒரே நிகழ்ச்சி என்று முடிச்சுப் போட்டுவிடும். அதிலும் ஓரவஞ்சனை உண்டு. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஒளிபரப்புப் பரிந்துரைப்படி, ஒலி படத்தை முந்தினால் 45 மில்லிநொடியிலேயே பார்ப்பவருக்கு உறுத்தும்; பிந்தினால் சுமார் 125 வரை தெரியாது. ஆற்றங்கரையில் தூரத்தில் துணி துவைப்பவர் கை இறங்கிய பிறகுதான் சத்தம் வருகிறது. சத்தம் முந்தி வந்து நாம் பார்த்ததே இல்லை. நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஃபிரேம் சுமார் 42 மில்லிநொடி. எடிட்டர் ஒற்றை ஃபிரேமுக்காக மல்லுக்கட்டுவது வீண் பிடிவாதமல்ல.

காட்சியும் ஒலியும் பொருந்தும் இந்த ஒரே சங்கதியை வைத்து முழு வீடியோ எடுத்தவர் பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் கோந்த்ரி. 2002-இல் வந்த, கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவின் 'ஸ்டார் கிட்டார்' பாட்டு அது. பிரான்சின் நீம் - வாலன்ஸ் ரயில் பாதையில், ஜன்னல் வழியே வெவ்வேறு வெளிச்சங்களில் எடுத்த காட்சிகளைக் கணினியில் கோத்து, ஒலிக்கு ஒரு பொருளாக அடுக்கினார். நாயகன் இல்லை, காதல் இல்லை, வில்லன் இல்லை. ஆனாலும் கதை இருக்கிறது. இந்த ஒலிக்கு இந்தக் கட்டடம் என்று ஓரிரு முறை பழகியதும், அடுத்தது எப்போது என்று கண் காத்திருக்கத் தொடங்குகிறது. காக்க வைத்துக் கொடுப்பதுதானே கதை!

நம்மூர் ரயில் பாட்டு காட்டும் வித்தை வேறு. மணிரத்னத்தின் 'உயிரே' (1998) படத்தின் 'தய்யா தய்யா'வை நீலகிரி மலை ரயிலின் கூரைமேல் எடுத்தார்கள். நடனம் ஃபாரா கான், ஒளிப்பதிவு சந்தோஷ் சிவன். மலையேறும்போது அந்த ரயிலின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 10 கி.மீ.தான். திரையிலோ பறக்கிறது. பக்கத்துப் பொருள் கண்ணைச் சட்டென்று கடக்கும், தூரத்துப் பொருள் ஊர்ந்து போகும். 10 கி.மீ. வேகத்தில் 2 மீட்டர் தள்ளி வரும் மரக்கிளையும், 54 கி.மீ. வேகத்தில் 11 மீட்டர் தள்ளி நிற்கும் கம்பமும் கண்ணுக்கு ஒரே வேகம். மலைப்பாதையில் கிளையும் பாறையும் வண்டியை உரசும் தூரத்தில் வருகின்றன. வேகத்தைக் கொடுப்பது இன்ஜின் அல்ல, அந்த நெருக்கம்.

ஒலியை அணைத்துவிட்டு இரண்டையும் பாருங்கள். 'ஸ்டார் கிட்டார்' சாதாரண ரயில் பயணமாகிவிடும். 'தய்யா தய்யா' அப்போதும் பறக்கும்.