தலை நுழையாத சட்டை

சென்ற ஆண்டு எங்கள் ஏழாம் வகுப்பு மாணவர்கள் தைத்த முதல் பனியன் சட்டை, ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் நெற்றியோடு நின்றுவிட்டது. கொஞ்சம் இழுத்துப் பார்த்தோம். கழுத்துத் தையல் படபடவென்று அறுந்தது. அவன் அழுதுவிட்டான்.

அளவைகள் பாடத்தைக் கையால் செய்து பார்க்கத்தான் இதைத் தொடங்கினோம். திருப்பூர்ப் பக்கம் பனியன் துணிக்குப் பஞ்சமில்லை. கட் பீஸ் கிலோ கணக்கில் கிடைக்கும். வீட்டில் அப்பா போட்டுக் கழித்த டி-சர்ட்டும் இருக்கும். நாங்கள் எடுத்தது அப்படி ஒரு பழைய டி-சர்ட். பையனின் கழுத்துச் சுற்றளவு 27 செ.மீ. அதோடு 3 கூட்டி, 30 செ.மீ. வைத்துக் கழுத்தை வெட்டினோம். கூட்டல் சரிதான். ஆனால் அந்த வழியாக நுழைய வேண்டியது தலை என்பது எனக்கே தோன்றவில்லை.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "டீச்சர், துணியவும் மாத்தி வெட்டிட்டோமுங்க. குறுக்கால இழுத்தாத்தான் நல்லா வரும்." துணி மிச்சமாகட்டும் என்று அளவுக் காகிதத்தைப் படுக்கவைத்து வெட்டியிருந்தோம். அவளுடைய அம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பின்னக் கணக்கில் 'கூடுதல் பயிற்சி தேவை' என்று அவள் பெயருக்கு எதிரே நான் எழுதி வைத்திருந்தேன்.

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. வேட்டித் துணியில் பாவு நூலும் ஊடை நூலும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். இழுத்தால் அதிகம் நீளாது. பனியன் துணியில் நூல் வளையம் வளையமாக ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்கும். இழுக்கும்போது வளையம் அகன்று கொடுக்கும், அதுவும் குறுக்குவாட்டில் கூடுதலாக. எனவே குறுக்குவாட்டுதான் உடம்பைச் சுற்றி வர வேண்டும்.

இரண்டாவது சட்டைக்கு முதலில் தலையை அளந்தோம்: 51 செ.மீ. பையனுக்குச் சரியாக இருக்கும் பழைய சட்டை ஒன்றைக் காகிதத்தில் வைத்து வரைந்து, தையலுக்குச் சுற்றிலும் 1 செ.மீ. விட்டோம். கீழ் விளிம்பை மட்டும் டி-சர்ட்டின் பழைய மடிப்புத் தையல் மேலேயே வைத்து வெட்டினால் அடி மடிக்கும் வேலை மிச்சம். கழுத்து 42 செ.மீ. ரிப் பட்டி அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஏறக்குறைய 34. இணைப்புக்கு 2 சேர்த்து 36. அந்த 34 செ.மீ. பட்டி 51 வரை விரிய வேண்டும் என்றால் ஒன்றரை மடங்கு. 10 செ.மீ. ரிப் துண்டை ஸ்கேல் மேல் இழுத்து, 15-ஐத் தொடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொண்டோம். இந்தப் பின்னக் கணக்கைப் பலகையில் போட்டது அந்த மாணவிதான்.

தைக்கும் வரிசை: தோள், கழுத்துப் பட்டி, கை. பிறகு கையின் அடிப்பக்கத்தையும் சட்டையின் பக்கவாட்டையும் ஒரே ஓட்டமாக. பட்டியையும் கழுத்தையும் நான்கு சம பாகமாகக் குறித்து, குறிக்கு நேர் குறி வைத்து, பட்டியை மட்டும் இழுத்துத் தைக்க வேண்டும். ஜிக்ஜாக் தையல் இருந்தால் நல்லது. எங்களிடம் இருந்தது நேர்த்தையல் மட்டும் போடும் கால் மிஷின். ஊசிக்கு முன்னும் பின்னும் துணியை லேசாக இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையலுக்கும் கொஞ்சம் நெகிழ்வு கிடைக்கிறது. முனை மழுங்கிய ஊசி முக்கியம். கூரான ஊசி வளையத்தை அறுத்துவிட்டால் அந்த இடத்தில் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

தோள் தையல் சற்று அலை அலையாக வந்தது. இஸ்திரி போட்டதும் பாதி சரியாயிற்று. பையன் மறுநாள் அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான். சீருடை எங்கே என்று நான் கேட்கவில்லை.