கொல்லிப் போரில் ஊர்திகள்: காரிக் குதிரையும் ஓரிக் குதிரையும்

முன்னுரை

பழைய போர்க்கால ஒளிப்படங்களை ஆராய்வோர் படை ஊர்தியின் நுண்கூறுகளைச் சான்றாகக் கொள்வர். சக்கரத்தின் அமைப்பு, முகப்புக் கண்ணாடியின் சாய்வு, பக்கத்தில் தீட்டப்பட்ட படைப்பிரிவின் குறி ஆகியன படம் எடுக்கப்பட்ட காலத்தையும் அதில் உள்ள படையையும் அறியத் துணைசெய்கின்றன. ஒளிப்படக் கருவி தோன்றாத காலத்துப் போர்களுக்குப் பாடல்களே படமாக அமைகின்றன. ஆயின் ஒளிப்படம் தன்முன் நின்றதைப் பதிவுசெய்யும். பாடலோ புலவர் தேர்ந்ததை மட்டும் பதிவுசெய்யும். இவ்வேறுபாட்டை மனங்கொண்டு, கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரிக்கும் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரிக்கும் நிகழ்ந்த போரின் ஊர்திகளைப் பற்றிய குறிப்புகளை இக்கட்டுரை ஆராய்கிறது. இருவரும் தத்தம் பெயர் கொண்ட குதிரைகள்மீது ஏறிப் பொருதனர் என்பது பரவலான கருத்து. இருவர் குதிரைகளுக்கும் உரிய சான்றுகள் ஒத்த வலிமையுடையனவா என்பதே இங்கு எழும் வினா.

ஓரியின் இறப்பைக் கூறும் பாடல்கள்

காரி ஓரியைக் கொன்ற செய்தியை அகநானூறும் நற்றிணையும் குறிக்கின்றன. கல்லாடனார், காரி ஓரியைக் கொன்று பலா வளம் மிக்க கொல்லியைச் சேரர்க்கு அளித்ததைக் கூறுகிறார் (அகம். 209). கபிலர், ஓரி இறந்தபின் காரி அவனது பெருந்தெருவில் புகுந்தபோது எழுந்த ஆரவாரத்தை ஊரலருக்கு உவமையாக்குகிறார் (நற். 320). காரியை நேரிற் பாடியவர் கபிலர் என்பதால் இவ்வுவமை தனி மதிப்புடையது. இவ்விரு பாடல்களிலும் காரிக்கோ ஓரிக்கோ ஊர்தி கூறப்படவில்லை. கல்லாடனார் அதே பாடலில் தலையாலங்கானத்துச் செழியனைத் தேரொடு சார்த்திக் கூறுவது நோக்கத்தக்கது. தேரை அடையாக்கும் வழக்கை அறிந்த புலவர், காரிக்கு அணியை மட்டுமே அடையாக்குகிறார்.

காரிக் குதிரை

குதிரை பற்றிய குறிப்புகள் வள்ளல் எழுவரைத் தொகுத்துரைக்கும் இரு பாடல்களில் காணப்படுகின்றன. நல்லூர் நத்தத்தனார் நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை, காரிக் குதிரையையுடைய காரியோடு பொருதவன் ஓரிக் குதிரையையுடைய ஓரி எனச் சுட்டுகிறது. காரி, ஓரி என்பன குதிரைகளின் பெயர்கள் என்பது நச்சினார்க்கினியர் உரை. பெருஞ்சித்திரனார் குமணனைப் பாடிய பாட்டு, மலையன் காரியை ஊர்ந்து பெரும்போரை வென்றான் என்கிறது (புறம். 158). எழுவரும் மறைந்தபின் அவர்களை நினைந்து பாடப்பட்டவை இவ்விரண்டும்.

இரண்டின் சொல்லமைப்பும் வேறு. சிறுபாணாற்றுப்படையில் குதிரை தலைவனுக்கு உடைமையடையாக நிற்கிறது. புறநானூற்றிலோ ‘ஊர்தல்’ என்னும் வினை வெளிப்படையாக வந்து, போரோடு நேரே இணைகிறது. ஊர்தி என்னும் சொல்லுக்கு அடியான வினையும் இதுவே. ஆகவே காரி தன் குதிரைமீது போர்செய்தான் என்பதற்கு இரு புலவர் சான்றுகள் உள்ளன. காரியின் தேர்களோ கபிலர் பாடலில் பரிசிற்பொருளாகவே சிறக்கின்றன, மதுவுண்டு மகிழாத வேளையிலும் தேர் வழங்குபவன் அவன் (புறம். 123). தேர் கொடைக்கும் குதிரை போருக்கும் உரியனவாக அவனைப் பற்றிய பாடல்களில் பிரிந்து நிற்கின்றன.

ஓரியின் ஊர்தி

ஓரியின் நிலை வேறு. புறம். 158 காரிக்கு ஊர்தி கூறுமிடத்து, ஓரிக்குக் கொல்லியையும் வில்லையும் மட்டுமே கூறுகிறது. வன்பரணர் பாடல்களில் ஓரி ஓரம்பினால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்தும் வேட்டுவனாகவும் (புறம். 152), இரவலர்க்கு யானை ஈபவனாகவும் (புறம். 153) தோன்றுகிறான். பரணர் அவனுக்குத் திண்ணிய தேரை அடையாக்குகிறார் (குறுந். 199). இது வேந்தர்க்கும் குறுநில மன்னர்க்கும் பொதுவாக வழங்கும் அடையாதலின், கொல்லிப் போரில் தேர் சென்றது என்பதற்குச் சான்றாகாது. எனவே ஓரிக் குதிரைக்குச் சிறுபாணாற்றுப்படை ஒன்றே சான்றாக எஞ்சுகிறது. அங்கும் அது காரிக் குதிரைக்கு இணையாக, எதுகையும் சொல்லடுக்கும் பொருந்த அமைந்துள்ளது.

இதனால் ஓரிக் குதிரை புலவரின் கற்பனை என முடிவு கட்டுதல் பொருந்தாது. காரி என்பது கருமையை உணர்த்தும். ஓரி என்பது முதிர்ந்த தேனில் தோன்றும் நீலநிறத்தையும் குறிக்கும். இரண்டும் நிறத்தால் அமைந்த குதிரைப்பெயர்களாக இருத்தல் கூடும். ஆயினும் பெயர்ப்பொருத்தம் ஒரு விளக்கமாகுமே அன்றித் தனிச்சான்று ஆகாது.

முடிவுரை

கொல்லிப் போரில் காரி குதிரை ஊர்ந்தான் என்பது இரு பாடல்களால் வலுப்பெறுகிறது. ஓரியும் குதிரை ஊர்ந்தான் என்பது ஒரு பாடலையும் அதன் உரையையும் சார்ந்தது. ஓரிக்குப் பல பாடல்களிலும் மாறாது வரும் அடையாளம் வில்லே. இருவரையும் ஒரே நிலையில் வைத்து இதனைக் குதிரைப்போர் என எழுதுவது சான்றுகளின் அளவை மீறுவதாகும். ஒளிப்படத்தில் ஓர் ஊர்தியின் குறியை மற்றோர் ஊர்திக்கு ஏற்றிக் கூறாத கவனம் சங்கப் பாடல்களைப் பயில்வோர்க்கும் வேண்டும். எந்தக் கூறு எந்தப் பாடலில், எவர்க்கு, எவ்வகைச் சொல்லால் கூறப்படுகிறது எனப் பிரித்துக் காண்பது சங்ககால ஊர்திகளைப் பற்றிய ஆய்வுக்கு முதற்படியாகும்.