ஓடினால் போதுமா, வீடு வந்து சேர வேண்டாமா?



‘கார் பந்தயத்தில் நம்மைப் பெரிதும் கவர்வது வேகமா, தாக்குப்பிடிப்பா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசின தம்பி ‘வேகம்தான், வேகம்தான்’னு மூச்சு விடாம பேசிட்டு, கொடுத்த நேரம் முடியறதுக்குள்ளயே உட்கார்ந்துட்டாரு. பேச்சுலகூட அவங்க அணிக்குத் தாக்குப்பிடிக்க முடியல ஐயா! (சிரிப்பு, கைதட்டல்)

வேகத்துக்குக் கவர்ச்சியே இல்லைன்னு நான் சொல்லல. 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் நம்ம பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை இழந்தபோது நாடே வருத்தப்பட்டது. அந்த நூறில் ஒரு பங்குதான் ‘டிராக்’ பந்தயத்தின் உயிர். டிராக் பந்தயத்தில் வளைவு கிடையாது, திருப்பம் கிடையாது. நேர்க்கோடு. கால் மைல் தூரம், அதாவது சுமார் 402 மீட்டர். இரண்டு கார் பக்கத்துல பக்கத்துல நிக்கும். பச்சை விளக்கு எரிஞ்சதும் சீறிக்கிட்டுப் போகும். நம்ம வீட்டுச் சின்னக் கார் அந்தத் தூரத்தைக் கடக்கப் பதினேழு, பதினெட்டு விநாடி ஆகும். அதுக்குன்னே தயார் பண்ணின கார் ஏழு விநாடிக்குள்ளயே முடிச்சுடும்.

சரி, அப்புறம்? பல கார்களை லாரியில ஏத்தி வீட்டுக்குக் கொண்டு போயிடுவாங்க. ஐயா, மாப்பிள்ளையை மண்டபத்துக்குத் தூக்கிட்டு வந்து, தாலி கட்டினதும் தூக்கிட்டுப் போனா, அவரு எப்போ குடும்பம் நடத்துறது? (சிரிப்பு)

இந்தக் கேள்வியைக் கேட்டவங்க அமெரிக்காவில் இருக்காங்க. ‘ஹாட் ராட்’ என்ற கார் பத்திரிகை 2005-ல் ‘டிராக் வீக்’ என்று ஒரு போட்டியைத் தொடங்கியது. ஐந்து நாள் போட்டி. ஒவ்வொரு நாளும் தடத்தில் கால் மைல் ஓட்ட வேண்டும். ஓட்டி முடித்ததும் அதே காரை, நம்பர் பிளேட்டோடும் இன்சூரன்ஸோடும், பொதுச்சாலையில் அடுத்த தடத்துக்கு ஓட்டிப் போக வேண்டும். மொத்தம் சுமார் 1,600 கிலோமீட்டர். இங்கேயிருந்து கன்னியாகுமரி போய்த் திரும்பினாக்கூட அவ்வளவு வராது. பின்னாலேயே உதவி வண்டி வரக்கூடாது. ஸ்பேனர், டயர், உதிரிபாகம் எல்லாம் காருக்குள்ளேயோ, அந்தக் கார் இழுத்துப் போகும் சின்ன டிரெய்லரிலோதான் இருக்கணும். கடைசியில் ஐந்து நாள் நேரத்தின் சராசரியைப் பார்ப்பார்கள். ஒருநாள் படுத்துட்டா ஆட்டம் போச்சு.

இதுல என்ன பெரிய கஷ்டம்னு கேப்பீங்க. சில விநாடி முழு பலத்தைக் கொட்டுறதுக்காகச் செஞ்ச இன்ஜின், டிராபிக்ல ஊர்ந்து போனா கொதிச்சுப் போயிடும். பந்தயத்துக்கு ஏத்த மெத்து டயருக்கு மழை ரோட்டுல பிடிப்பு இருக்காது. விருட்டுன்னு கிளம்புறதுக்காகப் போட்ட கியர், நெடுஞ்சாலையில் இன்ஜினைக் கதற வைக்கும். நூறு மீட்டர் ஓட்டக்காரரையும் மராத்தான் ஓட்டக்காரரையும் ஒரே உடம்புக்குள்ள அடைக்கிற வேலை இது. ராத்திரி வழியில எங்கேயாவது ஒரு கார் நின்னு போனா, மறுநாள் அதை எதிர்த்து ஓடப் போறவரே படுத்துக்கிட்டு ஸ்பேனர் பிடிப்பாரு. ஜெயிக்கிறதைவிட முடிக்கிறதுதான் அங்கே பெரிய பேச்சு.

இது அமெரிக்காவுக்கு மட்டும் சொந்தமான ஆசையா? மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. அங்கே பந்தயம்னா ஊரே திரளும். ஏன்? ஓடுற காருல நம்ம வீட்டு வாசல்ல நிக்கிற ஃபியட்டும் இருந்தது. ‘நம்ம வண்டி’ன்னு ஒரு பாசம்! 1990-ல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்தது.

அந்தப் பாசத்தை வேளச்சேரிக்காரங்களுக்கு நான் சொல்லித் தரணுமா? 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தோம். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் என்ன செஞ்சோம்? காரையெல்லாம் மேம்பாலத்துல வரிசையா நிறுத்தினோம். (கைதட்டல்) அது ஏழு விநாடியில பறக்கிற காரா? இல்லை. நாளைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவரை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போக வேண்டிய கார்.

ஒரு சொந்தக் கதை சொல்றேன். என் தம்பி மகன் ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்குக் கையில கட்டோட வந்து நின்னான். நண்பர்களோட ரோட்டுல ரேஸ். “ஜெயிச்சுட்டேன் அத்தை, அதுக்கப்புறம்தான் விழுந்தேன்”னான். மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆவது பிரிவின்படி பொதுச்சாலையில் பந்தயம் விடுவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு, முதல் தடவையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எல்லாம் சொன்னேன். தலையை ஆட்டினான். ஆனா காதுல ஏறல.

கை சரியானதும் ஒரு போட்டி வெச்சேன். “உங்க தாத்தாவோட பழைய மாருதி 800 ஷெட்டுல தூங்குது. அதை நீயே சரி பண்ணு. பாட்டியைத் திருச்செந்தூர் கூட்டிட்டுப் போய்ப் பத்திரமா கூட்டிட்டு வா. அப்போ ஒத்துக்கிறேன் நீ பெரிய டிரைவர்னு.” மூணு மாசம் கையெல்லாம் கிரீஸ். போனாங்க. விழுப்புரம் தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் பிய்ஞ்சுடுச்சு. இவனே மாத்தினான். ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து தண்ணி ஊத்தினாராம். நாலாம் நாள் வாசல்ல வந்து நின்னு ஹாரன் அடிச்சான் பாருங்க, ரேஸ்ல ஜெயிச்ச ராத்திரி அந்த முகத்துல அப்படி ஒரு பெருமையை நான் பார்க்கல ஐயா. இப்போ அவன் ராத்திரி ரேசுக்குப் போறதில்லை. (கைதட்டல்)

வேகத்தை ரசிக்கலாம். அதற்கென்று தடம் இருக்கிறது. ஆனால் ஒரு காரையும் அதை ஓட்டுகிறவனையும் நம் மனசில் உட்கார வைப்பது, புறப்பட்ட வண்டியிலேயே முழுசாக வீடு திரும்புகிற அந்தத் தாக்குப்பிடிப்புதான். அதற்கே தீர்ப்பு வழங்குங்கள் என்று கேட்டு அமர்கிறேன்.