ஆறு இடம் மாறிடுச்சு... ஊர் மாறலை!

பாப்பாய் தெரியும்ல? கீரை டப்பாவைக் காலி பண்ணினதும் புஜம் பூசணிக்காய் சைஸுக்கு வீங்குமே, அந்த மாலுமி! அவரை உருவாக்கிய கார்ட்டூனிஸ்ட் எல்ஸி சீகர் 1894-ல் பிறந்த ஊர் செஸ்டர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ரேண்டால்ஃப் கவுன்டியின் தலைமையிடம். கவுன்டின்னா நம்ம மாவட்டம் மாதிரி. ஆனா, மொத்த ஜனத்தொகையே சுமார் 30 ஆயிரம்தான். பாப்பாய்க்கு அங்கே 1977-லேயே சிலை வெச்சுட்டாங்க.

நாம பார்க்கப்போறது அதே கவுன்டியில இருக்கிற இன்னொரு ஊர், கஸ்காஸ்கியா. கவுன்டியின் மேற்கு எல்லையில் மிஸிஸிப்பி ஆறு. அதைத் தாண்டினால் மிசௌரி மாநிலம். ஆனா, கஸ்காஸ்கியா மட்டும் ஆத்துக்கு அந்தப் பக்கம், மிசௌரியோடு ஒட்டிக்கிட்டு நிக்குது. மேப்பில் பார்த்தால் பிரின்டிங் மிஸ்டேக்னு நினைப்பீங்க!

1703-ல் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் உருவான ஊர் இது. 1818-ல் இல்லினாய் தனி மாநிலம் ஆனப்போ முதல் தலைநகரமே இதுதான். 1820-ல் அந்தப் பதவி வேற ஊருக்குப் போயிடுச்சு. பதவி போனால் பரவாயில்லை, ஊரே போச்சு பாருங்க, அதுதான் கொடுமை.

அப்போ மிஸிஸிப்பி முழுக்க நீராவிக் கப்பல்கள். பாய்லருக்கு விறகு வேணுமே? கரையோர மரங்களை வெட்டித் தள்ளினாங்க. வேர் போனதும் மண்ணின் பிடிப்பும் போச்சு. கரை சரியச் சரிய ஆறு அகலமாச்சு. பக்கத்தில் ஓடிய கஸ்காஸ்கியா ஆத்துக்கும் மிஸிஸிப்பிக்கும் நடுவே ஒரு குறுகலான நிலம்தான் பாக்கி. 1881 வெள்ளத்தில் அதுவும் உடைஞ்சது. மிஸிஸிப்பி சின்ன ஆத்தின் பாதையிலேயே பாய ஆரம்பிச்சு, பழைய ஊரைக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக் குடிச்சிடுச்சு. கல்லறையில் இருந்தவங்களைக்கூடத் தோண்டியெடுத்து எதிர்க்கரைக் குன்றில் புதைக்க வேண்டியதாப் போச்சு. (சிவில் டிபார்ட்மென்ட் நண்பர்களே, 'மண் அரிப்பு' டூ மார்க் கேள்வியை இனிமே சாய்ஸில் விடாதீங்க!)

ஆறு திடீர்னு தாவினால் எல்லைக்கோடு அதன் பின்னால் ஓடாது, பழைய தடத்திலேயே நிற்கும். சட்டம் அப்படி. அதனால தெற்கே தள்ளிப் புதுசாக் கட்டின கஸ்காஸ்கியா இன்னிக்கும் இல்லினாய்தான். ஆனா, அங்கே போகணும்னா மிசௌரி வழியா, பழைய ஆத்துத் தடத்தின் மேலுள்ள சின்னப் பாலத்தைத் தாண்டணும்.

1741-ல் பிரெஞ்சு மன்னர் கொடுத்ததாகச் சொல்லப்படும் மணி ஒண்ணு அங்கே இருக்கு. பிலடெல்பியாவின் புகழ்பெற்ற சுதந்திர மணிக்கே 11 வருஷ சீனியர்!

1993-ல் கரை மறுபடி உடைஞ்சு, ஊருக்குள்ளே ஒன்பது அடித் தண்ணி. 2000 கணக்கெடுப்பில் ஊரில் இருந்தது 9 பேர். 2020-ல் 21.