கேட்பாரற்றுக் கிடக்கும் பை!

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம். கடை வாசலில் ஒரு பை தனியாகக் கிடக்கிறது. "ஐயோ பாவம், யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்க போலிருக்கு" என்று எடுத்துப் பார்க்கத்தான் நமக்குத் தோன்றும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனசை இறுக்கிக் கொள்ளத்தான் வேண்டும், சகோதரிகளே.

1985 மே மாதம் டில்லியில் பஸ்களிலும் பொது இடங்களிலும் ட்ரான்ஸிஸ்டர் ரேடியோக்களை வைத்துவிட்டுப் போனார்கள். உள்ளே வெடிகுண்டு! பலர் பலியானார்கள். நம் கோயமுத்தூரில் 1998 பிப்ரவரி 14-ம் தேதி, சனிக்கிழமை மாலை, அடுத்தடுத்து வெடித்த குண்டுகளுக்கு 58 உயிர்கள் போயின. குண்டுகள் எதிலெல்லாம் இருந்தன தெரியுமா? நிறுத்தி வைத்த கார், மோட்டார் சைக்கிள், ரெக்ஸின் பை, பழ வண்டி. தினமும் நாம் உரசிக்கொண்டு போகிற சாமான்கள்தான்.

எனவே, அப்படிக் கிடக்கும் பையைத் தொடவேண்டாம், நகர்த்தவும் வேண்டாம். "இது யாருடையது?" என்று பக்கத்தில் ஒரு தடவை கேளுங்கள். பதில் இல்லையென்றால் குழந்தைகளை அழைத்துக்கொண்டு நல்ல தூரம் விலகிப் போய், அப்புறம் 112-க்குப் போன் செய்யுங்கள். ரயிலில் என்றால் 139. பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னால் போதும். கடைசியில் உள்ளே யாருடைய டிபன் காரியரோ இருந்துவிட்டுப் போகட்டுமே, அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒன்று மட்டும்: சாமானைப் பார்த்துச் சந்தேகப்படலாம், ஆளின் தாடியையும் உடையையும் பார்த்து முடிவு கட்டுவது மகா தப்பு.

வெளியே பெரிய சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள். கண்ணாடிச் சில்லுதான் முகத்தில் வந்து பாயும். வேடிக்கை பார்க்கவும் கூடாது. இரண்டாவது குண்டு இருக்கலாம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் 2013 ஏப்ரல் 15-ம் தேதி மாரத்தான் ஓட்டம் முடியும் இடத்தில் இரண்டு குண்டுகள் வெடித்தன. 3 பேர் அங்கேயே இறந்தார்கள். காயம்பட்டவர்கள் 260-க்கும் மேல். சிலருக்குக் காலே போய்விட்டது. ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை! பக்கத்திலேயே டாக்டர்களும் பெரிய ஆஸ்பத்திரிகளும் இருந்தது ஒரு காரணம். கூட நின்றவர்கள் ஓடி வந்து ரத்தத்தை நிறுத்தப் பாடுபட்டது இன்னொரு காரணம்.

ரத்தத்தை நிறுத்துவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. புடவைத் தலைப்போ துண்டோ, மடித்துக் காயத்தின் மேல் வைத்து, உடம்பின் பாரம் முழுக்க இறங்கும்படி அழுத்துங்கள். "நின்னுடுச்சா?" என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. குத்தி நிற்கும் தகரத்தையோ கண்ணாடியையோ பிடுங்காமல், அதைச் சுற்றி அழுத்துங்கள். அழுத்தியும் நிற்காமல் கை காலிலிருந்து பீறிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் படாமல், அகலத் துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். அதை அவிழ்ப்பது டாக்டர் வேலை. காப்பிப் பொடி, மஞ்சள் தூள் எதுவும் அப்பவேண்டாம். அவற்றை அடுக்களையோடு நிறுத்திக்கொள்வோம். வெளிக்காயம் இல்லாதவருக்கு மூச்சு திணறினாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வெடி அதிர்ச்சி நுரையீரலைக் கெடுத்திருக்கலாம். காதும் அடைத்திருக்கும், ஜாடையில் பேசுங்கள்.

மும்பையில் 2006 ஜூலை 11-ம் தேதி லோக்கல் ரயில்களில் குண்டு வெடித்தபோது, எல்லோரும் ஒரே சமயத்தில் கூப்பிட்டதில் போன் லைன்களே கிடைக்கவில்லை. வீட்டில் தவித்தவர்கள் கதியை நினைத்துப் பாருங்கள். அதனால் வெளியூரில் இருக்கும் ஒரு சொந்தக்காரரின் நம்பரை எல்லோரும் மனப்பாடம் செய்து வைப்பது நல்லது. அவரவர் அவருக்கு "நான் சௌக்கியம்" என்று ஒரு மெஸேஜ் அனுப்பினால் போதும்.

எங்கள் வீட்டில் அந்த நம்பரைச் சீட்டில் எழுதி எல்லோர் பையிலும் போட்டிருக்கிறேன். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. அவர் சுருக்குப் பையிலும் ஒன்று இருக்கிறது, யாரிடமாவது நீட்டலாமே!