நோயாளிகள் போனார்கள், சிப்பாய்கள் வந்தார்கள்

ரோட்ஸ் தீவின் கோட்டைநகரில் உள்ள பெரிய மருத்துவமனையைக் கட்டியவர்களே பாதி சிப்பாய்கள்தாம். ஒரு கையில் வாளும் மறு கையில் மருந்துமாக வாழ்ந்த புனித யோவான் சபைத் துறவிகள் அவர்கள். சபைத் தலைவர் அந்தோனி ஃப்ளூவியன் 10,000 பொற்காசுகளை எழுதிவைத்துவிட்டு இறந்தார். அந்தப் பணத்தில் 1440இல் வேலை தொடங்கியது. முடிய 1489 ஆயிற்று. நடுவில் 1480இல் ஓட்டோமன் முற்றுகை, மறு ஆண்டே நிலநடுக்கம். தாமதத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

1522இல் சுல்தான் சுலைமான் ஆறு மாதம் முற்றுகையிட்டு நகரைப் பிடித்தார். 1523 புத்தாண்டு நாளில் துறவிகள் கப்பலேறினார்கள். பின்னாளில் மருத்துவமனை ஓட்டோமன் படைவீரர்களின் பாசறையானது.

மாற்றுவதற்கு அதிக சிரமம் இருந்திருக்காது. கட்டடமே பாசறைக்கு ஏற்றது: நாற்புறமும் இரண்டடுக்குத் தாழ்வாரம் சூழ்ந்த முற்றம், தெருவை ஒட்டிக் கீழ்த்தளத்தில் கிடங்குகள், மாடியில் ஏறக்குறைய 51 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உள்ள ஒரே கூடம். நடுவே தூண்வரிசை; சுவரோரம் சன்னலில்லாத சிற்றறைகள். நோயாளியின் கட்டில் கிடந்த இடத்தில் சிப்பாயின் படுக்கையை விரித்தால் முடிந்தது. கூடத்தின் ஒரு பக்கம் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சிற்றாலயம் மட்டுமே புது குடித்தனத்துக்குப் பொருந்தாதது.

நிலையில் தொங்கிய சித்திர வேலைப்பாட்டு மரக்கதவின் கதை வேறு. 1836இல் பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் மகன் ழுவான்வில் இளவரசருக்கு அதைச் சுல்தான் இரண்டாம் மஹ்மூத் பரிசளித்தார். வெர்சாய் அரண்மனையில் சிலுவைப் போர்க் கூடங்களை அலங்கரிக்கப் போனது கதவு. பாசறையில் குடியிருந்தவர்களை யாரும் கேட்டிருக்கப் போவதில்லை!

1912இல் இத்தாலியர்கள் தீவைக் கைப்பற்றினார்கள். பிற்காலத்தில் பொம்பேயி அகழாய்வால் பெயர்பெற்ற அமெதேயோ மையூரி, கட்டடத்தைச் செப்பனிடும் பணியை நடத்தினார். 1914இல் அது தொல்லியல் அருங்காட்சியகமானது. இன்று மாடிக் கூடத்தில் துறவி வீரர்களின் கல்லறைப் பலகைகள் குலச்சின்னங்களோடு நிற்கின்றன. சலவைக்கல் அஃப்ரோடைட்டியைத் தேடி வரும் கூட்டம்தான் அங்கே அதிகம்.

இத்தாலியர்களின் செப்பனிடல் துறவிகள் காலத்தைத் தூக்கி நிறுத்தியது. தங்களுக்கு முந்தைய ஆட்சியாளர்களின் காலத்தை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. பாசறை நாட்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.